விசிறினால்தான் சாப்பாடு

என் முன்னால் ஒரு பெரிய வெண்கலத் தட்டு. அதில் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த லூச்சிகள் குண்டு குண்டாக உட்கார்ந்திருந்தன. லூச்சி என்றால் மைதா மாவில் செய்த வெள்ளைப் பூரி. சுற்றிலும் சின்னக் கிண்ணங்களில் தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு, உருளைக்கிழங்கு, இனிப்பு மாங்காய்ப் பச்சடி, பாயசம். எதையும் நான் தொடக் கூடாது.

என் இடப்பக்கம் பீகார்க்கார லாரி டிரைவர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஒரு ஹோமியோபதி டாக்டர். எதிர் பெஞ்சில் எங்கள் வாடகைக் காரின் டிரைவர் பரேஷ். மூன்று பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் நூல். மூன்று பேரும் அந்த ஹோட்டல்கார அம்மாளின் மாப்பிள்ளைகள்.

அந்த அம்மாளுக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணைக் கட்டியவர் சூரத்தில் இருந்தார். பரேஷுக்கோ கல்யாணமே ஆகவில்லை.

அத்தனை பேரில் சொந்த மாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் எனக்குச் சாப்பாடு இல்லை.

போன வாரம், வங்காளத்தில் நாங்கள் குடியிருந்த பவானிபூர் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஜெயா, என் மனைவி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். குழாயைப் பற்றியெல்லாம் எழுதத் தெரிகிறது, எங்கம்மாவைப் பற்றி எழுத மட்டும் கை வரவில்லையா என்று கேட்டாள். நியாயம்தான். எழுதிவிடுகிறேன்.

ஃப்ரிட்ஜ் வழியாகப் பேச்சு

கல்யாணமான நாளிலிருந்து என் மாமியார் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்பதும், முகம் பார்த்துப் பேசுவதும் மரியாதை இல்லை என்று மாயவரம் பக்கத்தில் அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அங்கே அவர் வீட்டில் இது சிரமமாகத் தெரிந்ததில்லை. பெரிய வீடு, நிறையக் கதவுகள். ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

எங்கள் பவானிபூர் ஃபிளாட்டில் சமையலறைக்குக் கதவே கிடையாது. வாசலை ஒட்டி ஒரு ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. மாமியார் வந்து இறங்கிய அன்றே அதை அளவெடுத்த மாதிரி பார்த்துவிட்டு அதன் பின்னால் போய் நின்றுகொண்டார். “காப்பி கலந்திருக்கு” என்று ஃப்ரிட்ஜிடம் சொல்வார். “மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துண்டு போனா தேவலை” என்பார். நானும் ஃப்ரிட்ஜைப் பார்த்து, சாயங்காலம் வர நேரமாகும் என்று தெரிவிப்பேன்.

கீழ்வீட்டு பௌதி, அதாவது அந்த வீட்டு அண்ணி, ஒருநாள் ஜெயாவைத் தனியாக அழைத்து, அம்மா தினமும் ஃப்ரிட்ஜோடு பேசுகிறாரே, டாக்டரிடம் காட்டினீர்களா என்று விசாரித்தார். சார்கூட பதில் சொல்கிறாரே என்று சேர்த்துக்கொண்டாராம். ஒருமுறை அந்த ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை எனக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

இது வேடிக்கையாக இருந்தாலும் நான் சொல்லும் அந்த வருஷம் அதற்குள் ஒரு வேதனையும் இருந்தது. மாமனார் தவறி ஒரு வருஷம் முடிந்திருந்தது. மாயவரம் வீட்டில் மாமியார் தனியாக இருந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அழைத்து வந்தோம். இனிமேல் அம்மா எங்களோடேயே இருக்க வேண்டும் என்று ஜெயா தவித்தாள். அவரோ, பெண் கொடுத்த இடத்தில் கை நனைப்பதே தப்பு, இதற்கே நாள் அதிகமாகிவிட்டது என்று, மெட்ராஸ் மெயிலுக்கு டிக்கெட் வாங்க வைத்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தார்.

“நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க கூப்பிடணும். ஃப்ரிட்ஜ்கிட்ட சொல்லாதீங்கோ, அவகிட்டயே கேளுங்கோ” என்றாள் ஜெயா. அவள் அழுதுகொண்டே சொன்னதால் நான் சரி என்றுவிட்டேன். தாரகேஸ்வர் கோயிலுக்குக் காரில் போய் வருவோம், வழியில் கேட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆபீஸில் கிடைத்த திடீர் மரியாதை

நாங்கள் போன நாள் ஜாமாய் ஷஷ்டி. அதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே உள்ளது புரியும்.

ஜூன் மாதத்துப் புழுக்கத்தில், மாம்பழம் மலிந்து கிடக்கும் சமயத்தில், வங்காளத்தில் மாப்பிள்ளைகளுக்கென்று ஒருநாள் வரும். மாமியார் காலையிலிருந்து விரதம் இருந்து குழந்தைகளைக் காக்கும் ஷஷ்டி தேவியைக் கும்பிட்டு, மாப்பிள்ளையை உட்கார வைத்து, பனையோலை விசிறியைத் தண்ணீரில் நனைத்து விசிறி, கையில் மஞ்சள் நூல் கட்டி, வயிறு வெடிக்கச் சாப்பாடு போடுவார். அன்றைக்கு கரியாஹாட் பக்கம் பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் மடிப்புக் கலையாத வேட்டியில், ஒரு கையில் தயிர்ப் பானையும் மறு கையில் மீனுமாக நிற்பார்கள். மாப்பிள்ளை சட்டையில் பக்கத்து மாப்பிள்ளையின் மீன் உரசி, அதற்கொரு சண்டை நடக்கும்.

எங்கள் ஆபீஸ் மத்திய சர்க்கார் ஆபீஸ். அந்த நாளுக்கு லீவு கிடையாது. ஆனால் மத்தியானத்துக்கு மேல் நாற்காலிகள் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொருவரும் என் மேஜைக்கு வந்து தன் ஃபைலை வைத்துவிட்டு, உங்கள் மாமியார்தான் ரொம்ப தூரத்தில் இருக்கிறாரே என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்லிவிட்டுப் போவார்கள். பல வருஷம் அந்த நாளில் ஒரு மாடி முழுவதும் நான் தனியாக வேலை பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் நான் லீவு கேட்டதும் மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மாமியார் வந்திருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து வந்து கை குலுக்கினார். வங்காளத்து மாப்பிள்ளைகள் வரிசையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டதைப் போல எல்லோரும் என்னை வாழ்த்தி அனுப்பினார்கள். எங்களுக்கும் இந்தப் பண்டிகைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

குளத்தங்கரை ஹோட்டல்

போகும்போது நான் கேட்கவில்லை. நான் முன் சீட்டில், மாமியாரும் ஜெயாவும் பின் சீட்டில். நடுவில் கதவு எதுவும் இல்லாததால் அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கோயிலிலும் கேட்கவில்லை. அங்கே கூட்டத்தில் கேட்டால் ஊருக்கே கேட்கும். திரும்பும்போது கேட்டுவிடுவது என்று, ‘ஒரு விஷயம்’ என்று ஆரம்பிப்பதா, ‘நாங்க என்ன நினைக்கறோம்னா’ என்று ஆரம்பிப்பதா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். முடிவுக்கு வருவதற்குள் அம்பாசிடரின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது.

சாயங்காலம் மங்கிக்கொண்டிருந்த நேரம். இரண்டு பக்கமும் சணல் வயல். சாலையோரத்தில் ஒரு குளம், குளத்தங்கரையில் ஓடு போட்ட ஒரு சாப்பாட்டு ஹோட்டல். காலையிலிருந்து கோயில் பேரைச் சொல்லி ஒரு வாழைப்பழத்தோடு இருந்த எனக்கு அங்கிருந்து வந்த எண்ணெய் வாசனை தலையைச் சுற்ற வைத்தது.

உள்ளே வெள்ளைப் புடவை உடுத்திய ஓர் அம்மாள் எங்களை வரவேற்றார். கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லை. கணவரை இழந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. எல்லோரும் அவரை மாஷிமா என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் பெரியம்மா, சித்தி என்கிற மாதிரி. எதுவும் கேட்பதற்கு முன்னால் அவர் என்னையும் பரேஷையும் பார்த்து, ஜாமாயா, அதாவது மாப்பிள்ளையா, என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். பரேஷ் இனிமேல்தான் ஆகவேண்டும் என்றான். என்றைக்கிருந்தாலும் ஆகப்போகிறவன்தானே என்று அவனை அப்படியே உட்கார வைத்து விசிற ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜாமாய் ஷஷ்டிக்கு மாஷிமா எல்லாம் சமைத்துக் காத்திருந்தார். சூரத்தில் ஜரிகைப் பட்டறையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. விரதத்தை எப்படி முடிப்பது என்று புரியாமல் இவர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்த பீகார்க்காரர் லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார். அவரையே மாப்பிள்ளையாக்கிச் சாப்பாடு போட்டுவிட்டார். மறு வருஷம் அவர் தானாக வந்துவிட்டார். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஹோமியோபதி டாக்டரும் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். அன்றைக்கு அந்த ஹோட்டலில் மாப்பிள்ளைகளுக்கு மட்டும்தான் சாப்பாடு, பில் கிடையாது.

ஜெயா உள்ளே போய் விசாரித்துவிட்டு, மாஷிமா தனக்கென்று வைத்திருக்கும் தனி அடுப்பில் வெங்காயம், பூண்டுகூடப் படாமல் செய்த சமையல் என்று அம்மாவிடம் சொன்னாள். மாமியாருக்கு வேறு சந்தேகம் இருந்தது. சஷ்டி முருகனுக்கல்லவா, இதில் மாப்பிள்ளை எங்கிருந்து வந்தார் என்று கேட்டார்.

வந்தது வினை

எனக்கும் தட்டு வந்தது. மாஷிமா விசிறியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒரு பேச்சுக்காக, உன் மாமியார் எங்கே இருக்கிறார் அப்பா என்று கேட்டார். நான் அகப்பட்டுக்கொண்டேன். இதோ இங்கேதான் இருக்கிறார் என்று காட்டினேன்.

விசிறி அந்தரத்தில் நின்றுவிட்டது. பெண்ணைப் பெற்றவள் பக்கத்திலேயே இருக்கும்போது நான் விசிறினால் ஷஷ்டி என்னை என்ன நினைப்பாள் என்று மாஷிமா விசிறியை மாமியாரிடம் நீட்டினார். மாமியார் நாலு பக்கமும் பார்த்தார். ஹோட்டல் ஓரத்தில் குளிர்பானம் வைக்கிற உயரமான சிவப்பு ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது. அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் அவர் அதன் பின்னால் இருந்தார்.

நான் தட்டைப் பார்த்தேன். லூச்சிகள் ஒவ்வொன்றாக அமுங்கிக்கொண்டிருந்தன. கிளம்பிவிடலாம், இன்ஜின் ஆற எவ்வளவு நேரமாகும் என்று பரேஷிடம் கேட்டேன். அவன் தட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, பாயசம் வரைக்கும் ஆகும் என்றான். டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, பசி என்று சொன்னார். லாரி டிரைவர் நல்லவர். தன் தட்டிலிருந்து ஒரு லூச்சியை பெஞ்சுக்கு அடியில் என்னிடம் தள்ளினார். மாஷிமா பார்த்துவிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டார்.

ஜெயா ஐஸ் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் நடந்தாள். அம்மா, ஒரு தடவை விசிறிவிட்டு வந்துவிடேன், அவர் பசி தாங்க மாட்டார் என்று கெஞ்சினாள். பெட்டியின் பின்னாலிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது.

“நான் இப்படி ஆனவ. நல்ல காரியத்துக்கு முன்னாடி நிக்கப்படாதுடி. அவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

ஜெயா அங்கேயே நின்றுவிட்டாள். எனக்கு லூச்சி மறந்துபோயிற்று. வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போதும், ஜெயாவின் பிறந்தநாளிலும் இவர் ஏன் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அதையும் மாப்பிள்ளை மரியாதையில் சேர்த்துவிட்டிருந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

என்ன சொல்கிறார் என்று மாஷிமா விடாமல் கேட்டார். ஜெயா தட்டுத் தடுமாறிச் சொன்னாள். மாஷிமா பெட்டிக்குப் பின்னால் போனார். தன் வெறும் கையை மாமியாரின் வெறும் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிறகு வங்காளியில் சொன்னதை ஜெயா தமிழில் சொன்னாள்.

“ஷஷ்டி புருஷனைப் பத்திக் கேக்க மாட்டாளாம்மா. குழந்தை பெத்திருக்கியான்னு மட்டும்தான் பார்ப்பாளாம். நீ என்னைப் பெத்தியோ இல்லையோ?” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னொண்ணு. கடைசி மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்தாதான் இவ சாப்பிடுவாளாம். காலம்பறலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை” என்றாள்.

முதலில் சொன்னதற்கு மாமியார் அழுதார். இரண்டாவதைக் கேட்டதும் பதறிப்போனார். தன்னால் இன்னொருத்தி பட்டினி கிடப்பதை அவரால் சகித்துக்கொள்ள முடியாது. விசிறியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

காற்று டாக்டருக்கு

வந்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு விசிறினார். காற்று முழுவதும் டாக்டருக்குப் போயிற்று. அவர் கண்ணை மூடி அனுபவித்தார். தண்ணீர் மட்டும் என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. மாஷிமா மாமியாரின் தோளைப் பிடித்து லாரியைத் திருப்புகிற மாதிரி என் பக்கம் திருப்பிவிட்டார்.

நூல் கட்டுவது அதைவிடப் பெரிய பாடு. மாப்பிள்ளை கையில் விரல் படக் கூடாது. மாமியார் இரண்டு நுனியையும் எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிச்சு விழவே இல்லை. கடைசியில் லாரி டிரைவர் எழுந்து வந்து, மூட்டை கட்டும்போது செய்வதைப் போல முடிச்சின் மேல் தன் கட்டை விரலை வைத்து அழுத்தினார். மாமியார் இழுத்துக் கட்டினார். எல்லா மாப்பிள்ளைகளும் கை தட்டினார்கள். நான் சாப்பிட ஆரம்பித்தேன். அந்த முதல் வாய் கடலைப்பருப்பின் ருசியை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

அதோடு விட்டிருக்கலாம். மாஷிமா, மாப்பிள்ளை பதிலுக்கு மாமியாருக்கு என்ன தரப்போகிறார் என்று கேட்டார். அதுவும் முறையாம். லாரி டிரைவர் முசாபர்பூர் லிச்சிப் பழம் ஒரு கூடை கொண்டுவந்திருந்தார். டாக்டர் முழங்கால் வலிக்குச் சின்ன வெள்ளை மாத்திரைகள். பரேஷ், கல்யாணமானதும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். என்னிடம் ஒன்றும் இல்லை. ஜெயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் திரும்ப ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போயிருந்தார். நான் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு பெட்டியைப் பார்த்து, அம்மா ஊருக்குப் போகவேண்டாம், எங்களோடேயே இருந்துவிட வேண்டும், அதுதான் எங்கள் ஆசை என்று சொல்லிவிட்டேன். பெட்டியிடம்தான் சொன்னேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பெண் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பெட்டி பதில் சொன்னது.

அந்த நாலு பேரும் அங்கேயே இருந்தார்கள். ஜெயா மொழிபெயர்த்ததும் மாப்பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தன் மாமியார் தன்னோடுதான் இருக்கிறார், கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டதால்தான் தான் தொலைதூர லாரி ஓட்டுவதாகச் சொன்னார் டிரைவர். டாக்டர், கூடவே இருப்பதில் தப்பில்லை, ஆனால் ஜுரம் வந்தால் வேறு டாக்டரிடம் போகக் கூடாது என்றார். அவருடைய சண்டையின் காரணம் அப்போது எங்களுக்கு விளங்கியது. சமைக்கத் தெரிந்த மாமியார் கிடைத்தால் நாளைக்கே கல்யாணம் செய்துகொள்வதாகப் பரேஷ் சொன்னான்.

மாஷிமா இந்தச் சபையில் கலந்துகொள்ளவில்லை. எனக்குச் சூடாகக் கொடுக்க வேண்டும் என்று புதிதாக லூச்சி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வரும்போது ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமியார் விறுவிறு என்று வந்து தட்டை அவர் கையிலிருந்து வாங்கினார். உட்காரு என்று பெஞ்சைக் காட்டினார். மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் உட்கார்ந்துவிட்டார். மாமியார் தட்டோடு என்னிடம் வந்து என் முகத்தை நேராகப் பார்த்தார். அவர் கண்கள் ஜெயாவின் கண்களைப் போலவே இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அடுப்பு என்கிட்ட இருக்கணும். நான் பண்ணறதை நீங்க சாப்பிடணும். அப்படின்னா நான் உங்காத்துல சாப்பிடறதா ஆகாது. நீங்கதான் என் கையால சாப்பிடறேள். சம்மதமா?”

ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன, என்ன என்று மாப்பிள்ளைகள் அவளைக் கேட்டார்கள். வழியெல்லாம் நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. லூச்சி தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து டாக்டர் என் முதுகில் தட்டினார்.

நான் தட்டை நீட்டினேன்.

“போடுங்கோம்மா” என்றேன்.